பாட்டிலைத் தொடாத எதிரி

அத்தியாயம் 6

மூன்றாவது மிரட்டல் கம்ப்யூட்டர் திரையின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது.

'அனுப்பாதே. அனுப்பினால் நீ தொலைந்தாய்.'

அரசப்பன் அதை இரண்டு முறை படித்தான். மிரட்டல் கடிதங்கள் படிப்பதில் அவனுக்குப் பழுத்த அனுபவம் உண்டு. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத மிரட்டலை இப்போதுதான் பார்க்கிறான்.

“இன்னா மேடம் இது, லைப்ரரில 'சத்தம் போடாதே'ன்னு ஒட்டி வெச்ச மாதிரி கீது?” என்றான்.

ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது மேலதிகாரி ஒருவரின் மச்சானைக் கைது செய்த பாவத்துக்காக வேலையை விட்டவர். இப்போது திருவள்ளூரில் ஒரு மொபைல் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். எதற்குச் சிரிப்பார், எதற்குச் சிரிக்கமாட்டார் என்பது உதவியாளன் அரசப்பனுக்கே இன்னும் பிடிபடவில்லை.

கடம்பத்தூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே நின்ற அந்தத் தனியார் கல்லூரியின் வேதியியல் லேப், பகலிலேயே இருட்டிக் கிடந்தது. வெளியே வானம் கரிச்சட்டியாகக் கறுத்திருந்தது. இரண்டு நாளாக இப்படித்தான், மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை.

“மொதல்ல ஸ்கூட்டில பெட்ரோல காலி பண்ணாங்க. அடுத்தது, லேப் ஃபியூஸைப் பிடுங்கிட்டாங்க. இன்னிக்கு நெட் ஒயரையே அறுத்துட்டாங்க மேடம். என் போன்ல அவ்ளோ பெரிய ஃபைல் ஏறமாட்டேங்குது.” என்றாள் ஏஞ்சலின். “ஜர்னல் ஸ்பெஷல் இஷ்யூ இன்னியோட க்ளோஸ். இன்னிக்குப் பேப்பர் போகலன்னா, கம்பெனியோட விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக் கேக்கறப்போ எங்க காலனி கையில ஒண்ணுமே இருக்காது.”

ஏஞ்சலின் அங்கே ஆராய்ச்சி மாணவி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய காலனியில் பிறந்தவள். ஒரு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அது. இப்போது கம்பெனி கேட்டில் ஷிப்டுக்கு நிற்கிறது. அந்தக் கம்பெனி பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கிறது. காலனியின் போர்வெல் தண்ணீரில் அந்த ஈயம் இறங்கியிருக்கிறது என்பதுதான் அவளுடைய பேப்பர். அவள் அண்ணன் ஜோஷ்வாவின் மகளுக்கு ஓயாத வயிற்றுவலி. வாசிக்கத் தெரிந்த எழுத்துகளையே குழந்தை மறக்க ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஏஞ்சலின் இந்தத் தலைப்பை எடுத்தாள்.

“பேப்பர்னா எத்தினி பக்கம்மா?” என்றான் அரசப்பன்.

“பதினெட்டு.”

“பதினெட்டு பக்கத்துக்கு ஆறு மாசமா?”

“எழுதறது சீக்கிரம் ஆயிடும்ணா. ஜர்னல் கேக்கற மாதிரி ரெபரன்ஸை மாத்தி அடுக்கறது, படத்தை அவங்க சொல்ற சைஸ்ல போடறது, அடுத்தவங்க வரியைத் திருடலன்னு சர்டிபிகேட் வாங்கறது... அதுக்குத்தான் உயிர் போவுது.”

“எங்க ஏரியால ரேஷன் கார்டுல பேர் சேக்கறதே பரவால்ல போலிருக்கே!”

ஜோதிலட்சுமி இதையெல்லாம் காதில் வாங்காமல் சுவரோர அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நிரப்பிய வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் எந்த இடத்துத் தண்ணீர் என்று சீட்டு ஒட்டியிருந்தது.

“அரசப்பா, நீ கம்பெனி ஆளுன்னு வெச்சுக்க. இந்தப் பேப்பரை நிறுத்தணும். லேப்புக்குள்ள நுழைஞ்சுட்ட. மொதல்ல எதை உடைப்ப?”

“இதுல இன்னா யோசனை? பாட்டிலைத்தான். கீழே தள்ளிட்டு பூனை மேல பழி போட்ருவேன்.”

“மூணு தடவை ஆள் வந்திருக்கான். ஒரு பாட்டிலாவது உடைஞ்சிருக்கா?”

அரசப்பன் அலமாரியைப் பார்த்தான். வாயில் வந்த அடுத்த ஜோக்கை விழுங்கிக்கொண்டான்.

“ஆதாரம் மேல அவனுக்குக் கோபம் இல்ல. அனுப்பறதை மட்டும் தடுக்கறான்,” என்றார் ஜோதிலட்சுமி. “இது வெளியாள் இல்ல. தினம் இங்க வந்துபோற ஆள். உன்மேல கொஞ்சம் பாசம்கூட இருக்கும்னு தோணுது ஏஞ்சலின்.”

பாசம் என்ற வார்த்தையைக் கேட்டு ஏஞ்சலின் இன்னும் பயந்துபோனாள். எதிரி யாரென்று தெரிந்தால் வெறுத்துத் தொலைக்கலாம். கூடவே இருப்பவன் என்றால் யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான்.

ஜோதிலட்சுமி வராந்தாவுக்கு வந்து, ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்: “நெட் இல்லன்னா போகட்டும்மா! லேப்டாப்பை எடுத்துக்க. ஸ்கூட்டில நேரா திருவள்ளூர் போய் அங்கேர்ந்து அனுப்பிடு!”

அரசப்பனுக்குக் கண்ஜாடை போதும். பின்படிக்கட்டு வழியாக இறங்கி, வண்டி நிறுத்தும் ஷெட்டில் ஒரு பழைய பஸ்ஸுக்குப் பின்னால் பதுங்கினான். கொசு பிடுங்கியது. அவன் மூன்றாவது கொசுவை அடிப்பதற்குள் ஆள் வந்துவிட்டார். நெற்றியில் நாமம், கையில் லேப்பின் சாவிக்கொத்து. ஏஞ்சலினின் ஸ்கூட்டி அருகே குந்தி, பின்சக்கரத்தின் வால்வைத் திருக ஆரம்பித்தார்.

“காத்து வாங்க வந்தீங்களா சார்?” என்றான் அரசப்பன், அவர் தோளில் கைவைத்து.

அவர் திமிறவில்லை, ஓடவும் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். லேப் அட்டெண்டர் நாராயண். ஏஞ்சலின் கல்லூரிக்கு வந்த முதல் நாளிலிருந்து அவளுக்குக் காபி வாங்கிக் கொடுப்பவர்.

லேப்புக்குள் அவரை உட்காரவைத்ததும் ஏஞ்சலின் அவர் எதிரில் போய் நின்றாள்.

“நீங்களாண்ணா? உங்களுக்கு நான் இன்னா பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலைம்மா. எல்லாம் நான் பண்ணின பாவம்.” நாராயண் தலை நிமிரவில்லை. “அந்தப் பேப்பரை மட்டும் அனுப்பாதே. காரணம் கேக்காதே. வீரராகவப் பெருமாள்மேல சத்தியம், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“இந்த பாட்டிலுங்களை வாங்கிக் கழுவி வெச்சது நீங்கதானே?” என்று ஜோதிலட்சுமி கேட்டார்.

“ஆமாம்.”

“எப்போ?”

“ஆயுத பூஜைக்கு முன்னாடி.”

“பூஜை அன்னிக்கு லேப்புல இன்னா பண்ணீங்க?”

நாராயண் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஏஞ்சலின் பதில் சொன்னாள், அதுவும் லேசான சிரிப்போடு. பாவம், என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வெச்சு மாலை போட்டாங்க மேடம். புது பாட்டிலுங்களையும் வரிசையா அடுக்கி ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சாரு. மூடியைக் கழட்டி அதையும் விடல. நான்கூட கிண்டல் பண்ணேன். எனக்குப் பொரிகடலை குடுத்தாரு. அடுத்த நாள் பொட்டையெல்லாம் துடைச்சிட்டுத்தான் தண்ணி பிடிக்க எடுத்தும்போனேன்.”

ஜோதிலட்சுமி தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினார். ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்து, உள்பக்கத் திருகு வரிகளில் பின்னை ஓட்டி வெளியே எடுத்தார். நுனியில் இளஞ்சிவப்பாக ஈரப்பொடி ஒட்டியிருந்தது.

“எந்தக் கடைக் குங்குமம்?”

“பிளாட்பாரத்துல வாங்கினேன். ரொம்ப மலிவு. நல்லா பளிச்சுன்னு இருந்தது,” என்றார் நாராயண்.

ஏஞ்சலினின் முகத்தில் சிரிப்பு அணைந்துபோனது. அரசப்பன் சட்டென்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள்.

“இன்னாமா? குங்குமத்துல இன்னா?”

“மலிவுக் குங்குமத்துல நிறம் தூக்கலா தெரியணும்னு சில பேரு சிவப்பு ஈயம் கலப்பாங்கண்ணா.” அவள் குரல் தரையை நோக்கிப் போனது. “தண்ணி பிடிச்சதும் நாங்க ஒரு சொட்டு ஆசிட் விடுவோம். ஈயம் அடியில தங்காம கரைஞ்சு நிக்கறதுக்கு. அந்த ஆசிட் மூடியில இருந்ததையும் கரைச்சிருக்கும். நான் அளந்தது போர்வெல் தண்ணியா, இந்தக் குங்குமமா? எனக்கே தெர்ல.”

தொலைவில் அரக்கோணம் பக்கம் போகும் ரயில் ஒன்று கூவியது. ஆறு மாத உழைப்பு ஒரு ஹேர்பின் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அரசப்பனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“பாட்டில் பொய் சொல்லுதான்னு கண்டுபிடிக்க ஏதாவது வழி வெச்சிருப்பீங்களே?” என்றார் ஜோதிலட்சுமி.

“இருக்கு. பிளாங்க். சுத்தமான தண்ணி ஊத்தின ஒரு பாட்டிலை மத்ததோட கூடவே எடுத்தும்போய் எடுத்துகினு வருவோம். அதுல ஈயம் இருக்கக்கூடாது. இருந்தா பாட்டில்லதான் கோளாறு.”

“அதுல எவ்ளோ வந்துச்சு?”

ஏஞ்சலின் அந்தத் திறந்த பாட்டிலை எடுத்து மூடினாள்.

“நான் பாக்கல மேடம். டெஸ்ட் பண்ணது சென்னைல. ரிசல்ட் என் ஆராய்ச்சிக்குக் கைடா இருக்கற சாரோட மெயிலுக்குத்தான் வந்துச்சு. சார் எனக்கு டேபிளா போட்டுக் குடுத்தாரு. பிளாங்க் எங்க சார்னு கேட்டேன். 'அது ஓகேம்மா, இடத்தை அடைக்கும், வேண்டாம்'னு சொன்னாரு.”

“நீ திருப்பிக் கேக்கல?”

“கைடு மேடம் அவரு. கைடு சொன்னா சொன்னதுதான். யாரு திருப்பிக் கேப்பாங்க?”

ஜோதிலட்சுமி நாராயண் பக்கம் திரும்பினார். “இப்ப நீங்க சொல்லுங்க. குங்குமத்துல ஈயம்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

நாராயண் வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தினார்.

“சாருக்குக் காபி எடுத்துண்டு போனேன். போன்ல கம்பெனிக்காராகிட்ட பேசிண்டிருந்தார். 'பிளாங்க்லயே ஈயம் வந்திருக்கு, கவலையே படாதீங்கோ. பேப்பர் வெளில வரட்டும். அப்புறம் அந்தக் குங்குமத்தைக் காட்டினா போறும். அந்தக் காலனித் தண்ணியைப் பத்தி இனிமே எவனும் வாயைத் திறக்கமாட்டான்'னார். குங்குமம்னதும் எனக்குக் குலை நடுங்கிடுத்து. வெளில சொன்னா என் வேலை போயிடும். என் பொண்ணு ஸ்ரீவாணி இங்கேதான் ஃபீஸ் இல்லாம படிக்கறா. மிரட்டினாலாவது இந்தப் பொண்ணு நிறுத்திடுவாள்னு நினைச்சேன். எனக்கு மிரட்டவும் தெரியலை.”

“அப்போ கம்பெனிக்காரன் இத்த தடுக்கல,” என்றான் அரசப்பன் மெதுவாக. “எப்படா அனுப்புவாங்கன்னு காத்துகினு கீறான்.”

“ஏஞ்சலின், ஃபைனல் காப்பி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு?”

“இல்ல மேடம். காலைல, ஒயரை அறுக்கறதுக்கு முன்னாடியே சாருக்கு மெயில் பண்ணிட்டேன்.”

ஜோதிலட்சுமி அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. ஏஞ்சலினின் கைடு டாக்டர் ஸம்பத்குமார் இஸ்திரி கலையாத சட்டையோடு நின்றார். கையில் ஸ்வீட் பாக்ஸ்.

“வாழ்த்துகள் ஏஞ்சலின்! நெட் இல்லேன்னு நாராயணைத் திட்டிண்டிருக்கியா? நான் ரூம்லேருந்தே போன் மூலமா சப்மிட் பண்ணிட்டேன். ஜர்னலோட தொடர்பு வெச்சுக்கற கரஸ்பாண்டிங் ஆதர் நான்தானே. பேப்பர் போயாச்சு.”

ஏஞ்சலினின் போன் மேசைமேல் ஒருமுறை அதிர்ந்தது. 'உங்கள் கட்டுரை பெறப்பட்டது. நன்றி' என்று ஜர்னலிலிருந்து ஆங்கிலத்தில் வந்திருந்தது. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய நேரமாக அது இல்லை.

“ஸ்வீட் எடுத்துக்கோங்கோ,” என்று பாக்ஸைத் திறந்து அரசப்பனிடம் நீட்டினார் ஸம்பத்குமார்.

இலவச இனிப்பை அரசப்பன் வாழ்க்கையில் மறுத்ததில்லை. “சுகர் சார்,” என்று பொய் சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“பேப்பர்ல முதல் பேர் யாருது சார்?” என்றார் ஜோதிலட்சுமி.

“ஏஞ்சலினோடதுதான். உழைச்சவளுக்குத்தானே மரியாதை.”

“உங்க பேர்?”

“கடைசில. அதுதான் வழக்கம்.”

“நாளைக்கு டேட்டா தப்புன்னு தெரிஞ்சா?”

“டேட்டா ஆராய்ச்சி பண்ற ஸ்காலரோடது,” என்றார் அவர். சிரிப்பு மாறவேயில்லை. மேசைமேல் கிடந்த ஹேர்பின்னை அவர் கண்கள் ஒருமுறை தொட்டுவிட்டு மீண்டன. அதற்கு மேல் அரசப்பனுக்கு எந்த சாட்சியும் தேவைப்படவில்லை.

ஏஞ்சலின் எழுந்தாள்.

“அண்ணா, உங்க போன்ல டேட்டா கீதா?”

“ஃபுல்லா கீதும்மா.”

அவன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டான். அவள் லேப்டாப்பைத் திறந்து ஜர்னல் எடிட்டருக்குத் தட்ட ஆரம்பித்தாள். எழுத எழுதத் தமிழில் வாய்விட்டும் சொன்னாள், எல்லோரும் கேட்கட்டும் என்று. “நான் முதல் ஆதர். என் சாம்பிள் பாட்டில்கள் அசுத்தமாகியிருக்கின்றன. பிளாங்க் ரிசல்ட் பேப்பரில் சேர்க்கப்படவில்லை. பேப்பரைத் திரும்பப் பெறுகிறேன்.”

“யோசிச்சுக்கோ,” என்றார் ஸம்பத்குமார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “அதை அனுப்பினா உனக்குக் கைடு கிடையாது. அதுகூடப் போகட்டும். உன் பாட்டில் பொய் சொல்றதுன்னு நீயே உன் கையால எழுதிக் கொடுக்கறே. அடுத்த தடவை அதே தண்ணில ஈயம்னு நீ எழுதினா, எந்த ரிவியூவர் நம்புவான்?”

அவர் சொன்னது உண்மை. பேப்பரை அப்படியே விட்டாலும் கம்பெனிக்கு ஜெயம், திரும்பப் பெற்றாலும் கம்பெனிக்கு ஜெயம். இப்படி ஒரு பொறியை அரசப்பன் தன் பொழப்பில் பார்த்ததில்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல அவனுக்குக் கை பரபரத்தது.

“பொய்யான பேப்பரை விட்டா என் ஜனங்களை எவனும் எப்பவும் நம்பமாட்டான் சார்,” என்றாள் ஏஞ்சலின். “என்னைத்தானே நம்பமாட்டான்? நம்பாம போகட்டும்.”

அனுப்பிவிட்டாள்.

“புது பாட்டில், வேற லேப். போர்வெல் எங்கயும் ஓடிப்போகாது,” என்று ஜோதிலட்சுமி அவள் தோளைத் தொட்டார்.

அப்போதுதான் ஏஞ்சலினின் அம்மா கன்னியம்மா கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அவள் குரல் சந்தோஷமாகக் கரைபுரண்டது.

“இன்னாடி, விஷயம் தெரியுமா? கம்பெனிக்காரங்களே மனசு வெச்சிட்டாங்க. நல்ல தண்ணி லாரி வுட்டுகீறாங்க. அந்தப் பாழாப்போன போர்வெல்ல மூடிக்கினு கீறாங்க!”

ஸம்பத்குமார் ஸ்வீட் பாக்ஸை மூடிவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.

* * *

பெரியபாளையம் வழியாக அரசப்பன் ஓட்டிய ஓட்டத்தில் காரின் பழைய எலும்புகள் எல்லாம் கழன்றன. கவரப்பேட்டை தாண்டியபோதே காற்றில் உலோகம் காய்ந்த வாடை ஏறியது. எதிரே வந்த டிரெய்லர் லாரிகள் பட்டப்பகலில் விளக்குப் போட்டிருந்தன.

காலனிக்குள் நுழைந்தபோது வேலை முடிந்திருந்தது. காலனிக்கு இருந்த ஒரே போர்வெல்லின் குழாயை உருவிப் போட்டிருந்தார்கள். துளையின் வாயில் ஈரக் கான்க்ரீட் மொழுமொழுவென்று பூசிக்கிடந்தது. பக்கத்தில் புத்தம்புது டேங்கர் லாரி. ஜனங்கள் குடங்களோடு வரிசையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“யம்மா, ஊட்ல பழைய தண்ணி கீதா? ஒரு சொம்பாவது?” என்று ஏஞ்சலின் ஓடினாள்.

“அத்த இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கப்போறேன்? எல்லாத்தையும் கொட்டிட்டேன்.” கன்னியம்மா பெருமையாகக் குடத்தைத் திருப்பிக் காட்டினாள். “நல்ல தண்ணி புடிக்கணும்னு புளி போட்டுத் தேச்சு வெச்சேன் பாரு. நான் மட்டுமா, ஊரே தேச்சுச்சு.”

தெரு முழுக்கக் குடங்கள் தங்கமாக மின்னின. அரசப்பன் ஒவ்வொரு வீட்டு வாசலாக எட்டிப் பார்த்தான். தொட்டி, டிரம், பக்கெட் எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. இத்தனை சுத்தமான தெருவைப் பார்த்து அவன் பயந்தது இதுதான் முதல் தடவை.

ஏஞ்சலின் கான்க்ரீட் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அதன் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் முழங்கையின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மேடம், தண்ணிதான் போச்சு. குடிச்சவங்க கீறோமே.”

ஜோதிலட்சுமிக்கு உடனே புரிந்தது. “ரத்தமா?”

“இன்னிக்கு இந்தக் காலனில ஒருத்தரும் கை நீட்டமாட்டாங்க. லாரித் தண்ணி நின்னுடும்னு பயப்படுவாங்க. நான் நீட்றேன். பொறந்ததிலேர்ந்து எனக்கு இந்தத் தண்ணிதான்.”

மறுநாள் காலை, வேப்பம்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். புதிய ஊசியைப் பிரித்துக் காட்டச் சொல்லி, குழாயின் மூடியைத் தானே பார்த்துவிட்டுத்தான் ஏஞ்சலின் கையைக் கொடுத்தாள். கறுஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது. மகளுக்கு என்னவோ வியாதி என்று நினைத்துக் கூடவே வந்திருந்த கன்னியம்மா, கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்லன்னு வரணும்னு ஜெபம் பண்ணட்டுமாடி?”

ஏஞ்சலின் பஞ்சை அழுத்தியபடி அம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தால் அவள் சொன்னதெல்லாம் பொய். இருக்கிறது என்று வந்தால் அது அவள் உடம்பில் மட்டும் இருக்காது. ஜோஷ்வாவின் மகளிடம் இருக்கும், பக்கத்து வீட்டு எபினேசரிடம் இருக்கும், இதோ சிலுவையைப் பிடித்திருக்கும் இந்தக் கையிலும் இருக்கும்.

“இருக்குன்னு வரணும்னு பண்ணும்மா,” என்றாள்.

கன்னியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் படித்த மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடினாள். உதடுகள் அசைய ஆரம்பித்தன. எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் அரசப்பன் எழுந்து வெளியே போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.